வெள்ளைச் சுவரின் வரலாறு

சிறு பொருட்செலவில் வீட்டைப் புதுப்பிக்க விரும்பியவர்கள் நெடுங்காலமாக முதலில் நாடியது சுண்ணாம்பையே. ஒரு கூடை சுட்ட சுண்ணாம்பு, ஒரு சாடி தண்ணீர், நுனியை நைத்துத் தும்பாக்கிய ஒரு மட்டை, ஒரு பகற்பொழுது உழைப்பு. இவ்வளவும் கூடிவிட்டால், மாரிமழையாலும் அடுப்புப் புகையாலும் மங்கிக் கிடந்த மனை மறுநாட் காலையிற் புதுமனைபோல விளங்கும். தைப்பொங்கலை எதிர்நோக்கிய நாட்களில் ஈழத்துத் தமிழ்க் கிராமங்களிலே சுவர்கள் வெண்மை பெறுவது பல தலைமுறைகள் கண்டு பழகிய காட்சி. இத்துணை எளிய செயலுக்கும் ஒரு வரலாறு உண்டோ என வினவத் தோன்றலாம். உண்டு. அதுவும் கூலியையும் விலையையும் மட்டும் பற்றிய வரலாறு அன்று. தன் வீட்டுச் சுவரைத் தான் வெளுத்துக்கொள்ளும் உரிமை எல்லார்க்கும் இருந்ததில்லை. கையிலே காசிருந்தும் சுவரிலே சுண்ணாம்பு பூச முடியாத காலம் ஒன்று இருந்தது.

அக்காலத்தைப் பற்றி நமக்குச் சான்று கூறுபவருள் ஒருவர் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1660ஆம் ஆண்டிலே திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரத்தில் அவர் கண்டி அரசனின் ஆட்களாற் பிடிபட்டார். இரண்டாம் இராசசிங்கனின் நாட்டிலே ஏறத்தாழ பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்து, 1679ஆம் ஆண்டிலே தப்பிச் சென்றார். சிறையென்றால் இருட்டறையன்று, ஊர்களிலே குடிமக்களோடு வாழவிடப்பட்ட சிறை. ஆகவே குடிமக்களின் வீடுகளை அவர் உள்ளும் புறமும் அறிந்திருந்தார். 1681ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த தம் நூலில் அவர் அவ்வீடுகளை வருணிக்கின்றார். அவை சிறியன; தாழ்ந்தன; கம்புகளை நாட்டி மண் அப்பி எழுப்பிய சுவரும் வேய்ந்த கூரையும் உடையன. மேல்மாடி எழுப்புதல் கூடாது. ஓடு வேய்தல் கூடாது. சுவருக்குச் சுண்ணாம்பு பூசுதலும் கூடாது. இம்மூன்றும் குடிமக்களுக்கு விலக்கப்பட்டிருந்தன என்கின்றார் நொக்ஸ். வீட்டிலுள்ள பொருள்களையும் அவர் எண்ணிக் காட்டுகின்றார். உறிகளிலே தொங்கும் சில மட்பாண்டங்கள், உண்பதற்கு ஒன்றிரண்டு பித்தளைக் கலங்கள், முதுகுசாயாத ஒன்றிரண்டு முக்காலிகள். சாய்மானமுள்ள இருக்கை அரசன் ஒருவனுக்கே உரியதாம்.

ஆயினும் அவ்விடத்திலே நொக்ஸ் போகிறபோக்கிற் கூறிச் செல்லும் ஒரு செய்தி, விலக்குகள் அனைத்தினும் சிறப்புடையது. சுண்ணாம்பைப்போலவே வெண்மையான ஒருவகைக் களிமண் அந்நாட்டில் உண்டு என்றும், மக்கள் சிலவேளை அதனைச் சுவருக்குப் பூசுவர் என்றும் அவர் எழுதுகின்றார். இங்கேதான் எளியோரின் வீட்டலங்கார வரலாறு தொடங்குகின்றது எனலாம். அரசாணை சுண்ணாம்பை விலக்கியது. களிமண்ணை விலக்க மறந்தது. குடியானவன் ஆணையை மீறவுமில்லை, அழகைக் கைவிடவுமில்லை. ஆற்றோரத்திலும் வயற்புறத்திலும் விலையின்றிக் கிடைத்த வெண்களியைக் குழைத்துத் தன் சுவரை வெளுத்துக்கொண்டான்.

வெண்மையை இவ்வளவு காவல் செய்தது ஏன்? அக்காலத்திலே வெண்சுவர் தூரத்திற் கண்டறியப்படும் அடையாளமாயிருந்தது. மரப்பச்சைக்கும் மண்நிறத்துக்கும் நடுவே சுண்ணச்சாந்து பூசிய கட்டடம் ஒன்று தோன்றினால், அது அரண்மனையாதல் வேண்டும், ஆலயமாதல் வேண்டும், தாதுகோபமாதல் வேண்டும். காண்போன் அதனைக் கண்டமாத்திரத்தே பணிவான். குடியானவன் குடிசையும் அவ்வாறே ஒளிருமாயின், உயர்ந்தோர் இருப்பிடத்துக்கு யாது தனிச்சிறப்பு? செல்வம் இருப்பது ஒன்று. அதனைச் சுவரிலே காட்டுவது வேறொன்று. முன்னையதைவிடப் பின்னையதையே பழைய சமுதாயம் கண்ணுங் கருத்துமாய்க் கண்காணித்தது.

இஃது கண்டி நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. தமிழகத்திலும் இதற்குச் சான்று உண்டு. அது கல்லிலே பொறிக்கப்பட்ட சான்று. கொங்கு நாட்டுக் கருவூரிலே பசுபதீசுவரர் கோயிற் கல்வெட்டொன்றில், கோனேரின்மைகொண்டான் என்னும் விருதுப்பெயர் பூண்ட அரசன் ஒருவன் வெங்காலநாட்டுக் கம்மாளருக்குச் சில உரிமைகளை வழங்குகின்றான். தனது ஆட்சியின் பதினைந்தாம் ஆண்டு ஆடிமாதம் முதலாக, அவர்கள் தம் நன்மை தீமைகளுக்கு இரட்டைச்சங்கு ஊதலாம். பேரிகை முதலியன கொட்டலாம். வெளியே செல்லுங்கால் செருப்பணியலாம். தங்கள் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். இதுவே அவ்வாணையின் பொருள்.

இவ்வாணையைச் சற்றே நின்று நோக்குதல் தகும். கம்மாளர் என்போர் யாவர்? தச்சரும் கொல்லரும் கல்தச்சரும் தட்டாரும் கன்னாரும் ஆகிய கைவினைஞர். கோயில் எழுப்பியவர்கள் அவர்கள். மாடங்களுக்குத் தூணும் கதவும் செய்தவர்கள் அவர்கள். பிறர் மனையை அழகு செய்வதிலே தேர்ந்த அக்கைகள், தம் மனைச் சுவரைச் சாந்திட்டு மெழுக அரசாணைக்குக் காத்திருந்தன. ஆணை கிடைத்தபோது அதனைக் கல்லிலே வெட்டி வைத்துக்கொண்டனர். ஏனெனில் ஓலையிலே எழுதினால் அழியலாம், வாய்மொழியாயின் மறுக்கப்படலாம். சுவருக்குச் சாந்திடும் உரிமை, சங்கொலிக்கும் செருப்புக்கும் ஒப்பாக எண்ணப்பட்டதென்றால், அதன் பெறுமதி எத்தகையது என்பதை உணரலாம்.

பிற்காலத்திலும் இத்தகைய விலக்குகள் ஒழிந்தபாடில்லை. தென்திருவிதாங்கூரில் நாடார் குலத்தினர் குடைபிடித்தலும், செருப்பணிதலும், பொன்நகை பூணுதலும், ஒருநிலைக்கு மேற்பட்ட வீடு கட்டுதலும் கூடாதென்று கட்டுப்பாடு இருந்ததை, சாமுவேல் மற்றீர் என்னும் பாதிரியார் 1871ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே குறிப்பிடுகின்றார். யாழ்ப்பாணத்திலும் உடையிலும் நகையிலும் சாதிக் கட்டுப்பாடுகள் நெடுங்காலம் நிலவின. சாதி காரணமாகப் பொது இடங்களில் மக்களைத் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் இலங்கையிலே 1957ஆம் ஆண்டிற்றான் பிறந்தது. ஆகவே, அழகுக்கு வேலியிட்டவர்கள் அரசர்கள் மட்டுமே என்று கூறி நாம் தப்பித்துக்கொள்ள இயலாது.

இனி, விலக்கப்பட்ட மக்கள் யாது செய்தனர்? விலக்கப்படாத பொருள்களைக் கொண்டு வீட்டை அழகு செய்தனர். சாணம், மணல், ஓலை, அரிசிமா, மாவிலை, களிமண் என்பனவே அவர்களுடைய செல்வம். இவற்றுட் சில மிகப் பழைய வரலாறு உடையன. சங்க நூலாகிய பெரும்பாணாற்றுப்படை, நிலந்தோறும் வேறுபடும் குடில்களையும் மனைகளையும் காட்டிச் செல்லுகையில், சாணத்தால் மெழுகிய மனையொன்றையும் காட்டுகின்றது. ஆண்டாள் அருளிய நாச்சியார் திருமொழி, தைமாதத்திலே தரையைத் துலக்கிக் கோலமிடுதலையும், அதன்பின் நுண்மணல் கொண்டு தெருவை அணிசெய்தலையும் கூறுகின்றது. மணலும் ஓர் அணிகலன் என்று எண்ணிய பண்பாடு அது. யாழ்ப்பாணத்திலே திருமணப் பந்தரின் கீழும் கோயில் வீதியிலும் வெண்மணல் பரப்பும் வழக்கம் அதே நினைவின் தொடர்ச்சி போலும்.

யாழ்ப்பாணத்துப் பழைய மண்வீட்டை எடுத்துக்கொள்வோம். அதன் அழகு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்ட அழகு. ஒருமுறை செய்து முடித்துவிட்ட அழகன்று. மாரி கழிந்ததும் சுவரின் வெடிப்புகளிலே புற்றுமண்ணோ களிமண்ணோ குழைத்து அப்புவர். திண்ணையையும் குந்தையும் கையாலே தடவி ஒழுங்கு செய்வர். நிலத்தைச் சாணத்தால் மெழுகுவர். சிலர் சாணத்தோடு கரியை அரைத்துச் சேர்த்து நிலத்துக்குக் கருமையும் மினுக்கமும் ஊட்டுவர். மெழுகும் பெண்ணின் கைவிரல்கள் அரைவட்டம் அரைவட்டமாகச் சென்று பதித்த வரிகள் உலர்ந்தபின்னும் நிலத்தில் நிற்கும்; அதுவே அந்நிலத்தின் சித்திரம். சாணம் புழுதியை அடக்கும், மண்ணை இறுக்கும். அதுவே கிருமிகளைக் கொல்லும் என்று முன்னையோர் நம்பியது மட்டும் இன்றைய மருத்துவ அறிவுக்கு ஒத்ததன்று. ஏற்புவலிக்குக் காரணமான கிருமி சாணத்திலும் மண்ணிலும் தங்கக்கூடியது.

கூரையும் வேலியும் அவ்வாறே. தென்னங்கிடுகும் பனையோலையும் காலத்துக்குக் காலம் மாற்றப்பட்டன. வேலியிலே கதியால்கள் துளிர்த்து நிற்க, அவற்றோடு புதிய ஓலையை வரிந்து கட்டிவிட்டால், வளவு முழுவதும் புத்தாடை புனைந்தது போலாகும். கழற்றிய பழைய ஓலை வீணாவதில்லை. அதனைத் தோட்டத்திலே தாழ்த்துப் பசளையாக்கினர். சென்ற ஆண்டின் வேலி வரும் ஆண்டின் பயிருக்கு உணவாயிற்று. வேலியடைப்பு என்பது ஒருவர் தனியே செய்யும் வேலையுமன்று. அயலவரும் உறவினரும் கூடி உதவுவர். இன்று இவர் வீடு, நாளை அவர் வீடு. ஆகவே செலவு என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் ஒருவேளைச் சோறும் மோருமேயாம்.

உள்ளே அணிசெய்வதற்கும் கடைக்குச் செல்லவேண்டிய தேவை குறைவு. பனையின் குருத்தோலையை வார்ந்து, அதிற் சிலவற்றுக்குச் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகச் சாயம் ஏற்றி, பாயும் பெட்டியும் தட்டும் இழைத்தனர். மட்டக்களப்புப் பகுதியிலே நீர்நிலைகளின் ஓரத்தில் விளையும் பன் அப்பணியைச் செய்தது. பன்பாயின் வண்ணக் கோடுகள் வெறுநிலத்தையே விரிப்பாக்கின. பெருநாளாயின், வாசலிலே மாவிலைத் தோரணமும் குருத்தோலையும் தொங்கும். முற்றத்திலே கோலம் விளங்கும். நிறைகுடமும் குத்துவிளக்கும் வந்தோரை வரவேற்கும். இவற்றுள் எதுவும் நிலைத்து நிற்பதன்று. கோலத்தை எறும்பு தின்னும்; தோரணம் வாடும்; மெழுகிய நிலம் ஒரு வாரத்திலே வெடிக்கும். நிலையாமையே இவ்வலங்காரத்தின் குறையும் நிறைவும் ஆகும். வாடுவதாற்றான் மீண்டும் கட்டுகின்றனர். மீண்டும் கட்டுவதாற்றான் வீடு ஒவ்வோராண்டும் இளமை பெறுகின்றது.

இவற்றோடு சேர்ந்து, இறுதியாகக் குடிசைக்குள்ளும் வந்தது சுண்ணாம்பு. அதன் தன்மை வியக்கத்தக்கது. சுண்ணக்கல்லையோ சிப்பியையோ முருகைக்கல்லையோ சூளையிலே ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுட்டால், அதனுள் அடங்கிய கரியமிலவாயு வெளியேறும். எஞ்சுவது நீறாத சுண்ணாம்பு. அதன்மேல் நீர் ஊற்றினால் அது கொதித்துப் பூத்து வெண்ணீறாகும். அந்நீற்றைக் கரைத்துத் துணியிலே வடித்துச் சுவரிற் பூசினால், அது காற்றிலுள்ள அதே கரியமிலவாயுவைச் சிறிது சிறிதாக உண்டு மறுபடியும் கல்லாகும். சூளையிலே இழந்ததைச் சுவரிலே மீட்டுக்கொள்கிறது. ஆகவே வெள்ளையடித்த சுவர் என்பது கல்லின் மெல்லிய போர்வை போர்த்திய சுவரே. யாழ்ப்பாணக் குடாநாடோ சுண்ணக்கல்லின்மேல் அமைந்த நிலம். மூலப்பொருள் காலடியிலே கிடந்தது.

பூசும் முறையையும் அனுபவம் கற்பித்தது. தடிப்பாக ஒருமுறை பூசினால் உரியும். நீர்த்தாற்போல இரண்டு மூன்றுமுறை பூசினால் நிற்கும். சுவரை முன்னரே நனைத்துக்கொள்ளுதல் வேண்டும். பற்றுவதற்குக் கஞ்சியோ உப்போ பசையோ சிறிது சேர்ப்பர். வெண்மையிலே மஞ்சள் தட்டாதிருக்கத் துணிக்கிடும் நீலம் ஒரு துளி கலப்பர். பூசும்போது சாம்பல்நிறமாய்த் தோன்றிக் கவலைதரும் சுவர், உலர உலர வெளுத்துக்கொண்டே போகும்.

1815ஆம் ஆண்டிலே கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. அரசனோடு அவன் விதித்த விலக்குகளும் நாளடைவில் வலுவிழந்தன. ஓடும் சுண்ணாம்பும் பணமுள்ளோர் வாங்கும் பண்டங்களாயின. பாசல் மிசன் சபையார் 1865ஆம் ஆண்டிலே மங்களூரிலே தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையின் வழியாக, மங்களூர் ஓடு கடல்கடந்தும் பரவியது. விலக்கு நீங்கியபின் விலை ஒன்றே தடையாக நின்றது. அத்தடையைத் தாண்ட எளியோர்க்கு இயன்ற முதற்படி சுண்ணாம்பாயிற்று. ஓடு வாங்க இயலாதவனும் சுவரை வெளுக்க இயன்றது.

ஆயின் வரலாறு இங்கே ஒரு விந்தையான திருப்பத்தைக் காட்டுகின்றது. முன்பு விலக்கப்பட்ட வெண்மை, பின்பு கட்டாயமாக்கப்பட்டது. 1896ஆம் ஆண்டிலே பம்பாயிற் கொள்ளைநோய் தோன்றியபோது, சுகாதார அதிகாரிகள் ஏழைகளின் குடியிருப்புகளுட் புகுந்து, பொருள்களை வெளியே எறிந்து, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தனர். சுண்ணாம்பின் காரம் கிருமிகளுக்குப் பகை என்பது உண்மையே. ஆயினும் கொள்ளைநோயைப் பரப்புவது எலியின் உடம்பிலுள்ள தெள்ளு என்பது அப்போது தெளிவாகவில்லை. சுவரை வெளுத்ததால் நோய் அடங்கிவிடவில்லை. அந்நோய் 1914ஆம் ஆண்டிலே கொழும்பையும் எட்டியது. ஒருகாலத்தில் ஏழையின் சுவர் வெண்மையாயிருத்தல் ஆகாது என்றது அதிகாரம். இன்னொருகாலத்தில் வெண்மையாயிருந்தே தீரவேண்டும் என்றது. இருமுறையும் வீட்டுக்காரனைக் கேட்டார் இல்லை.

மலைநாட்டுத் தோட்டங்களிலே இக்கேள்வி இன்னும் கூர்மையாக எழுகின்றது. கோப்பிக்கும், 1867ஆம் ஆண்டு முதலாகத் தேயிலைக்கும், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் லயன்களிலே குடியேற்றப்பட்டனர். ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள ஒரு காம்பரா; அதுவே சமையலறை, அதுவே படுக்கையறை, அதுவே பூசையறை. லயன் தோட்டத்துக்கு உரியது, குடியிருப்போருக்கு உரியதன்று. ஒரு சுவரை எழுப்பவோ ஒரு சாளரத்தைத் திறக்கவோ துரையின் அனுமதி வேண்டும். ஆயினும் அக்காம்பராக்களிலும் தெய்வப் படங்கள் தொங்கின. வாசலிலே கோலம் இடப்பட்டது. கிடைத்த அடியளவு மண்ணிலே பூச்செடி நாட்டப்பட்டது. தனக்குச் சொந்தமில்லாத சுவரையும் தன் சுவராக எண்ணி அணிசெய்த அந்தப் பெண்களின் கைவண்ணம் ஓர் உரிமைக் குரலேயாகும். இந்திய உதவியோடு மலையகத்தில் 4,000 தனிவீடுகள் கட்டும் திட்டம் 2016ஆம் ஆண்டிலே தொடங்கியது. லயன் வரிசையிலிருந்து பிரிந்து தனித்து நிற்கும் வீடு என்பது, கூரையும் சுவரும் மட்டுமன்று. எந்த நிறம் பூசுவது என்று தானே தீர்மானிக்கும் உரிமையும் ஆகும்.

வடபகுதியிலே 1950ஆம் ஆண்டில் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. சுண்ணக்கல் அப்போது வேறொரு கோலம் பூண்டது. சாணம் மெழுகிய நிலம் சீமெந்து நிலமாயிற்று. அதிலே சிவப்புச் சாயம் இட்டுத் தேய்த்து மினுக்கினர். மெழுகும் வேலையிலிருந்து பெண்களின் முழங்கால்கள் விடுதலை பெற்றன. அதனை எவரும் குறைகூறல் ஆகாது. போர்ச்சூழலிலே 1990ஆம் ஆண்டிலே அத்தொழிற்சாலை நின்றுபோனது. இதற்கிடையில் தகரப்பேணியில் அடைத்த வண்ணப்பூச்சுகள் கடைக்கு வந்து, சுண்ணாம்பைப் பின்தள்ளிவிட்டன.

சுண்ணாம்பையும் குறையற்ற பொருளென்று புகழ்தல் நேர்மையாகாது. தென்மேற்குக் கரையிலே இக்கடுவைச் சூழலிற் சூளைகளுக்காகக் கடலடி முருகைக்கல் உடைக்கப்பட்டது. சுவருக்கு அழகு தந்த அக்கல், கரைக்கு அரணாக இருந்த கல். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தமும் அதனைத் தடுக்க முயன்றன. 2004ஆம் ஆண்டு மார்கழியிலே ஆழிப்பேரலை எழுந்தபோது, முருகைக்கல் அகழப்பட்ட இடங்களிலே அலை கூடிய தூரம் உட்புகுந்ததை ஆய்வாளர் கண்டனர். மலிவு என்று நாம் கருதிய பொருளின் விலையைக் கரையோர மக்கள் செலுத்தினர். நிலத்திற் கிடைக்கும் சுண்ணக்கல்லையும் அளவறிந்தே எடுத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

வெண்களியாற் சுவரை வெளுத்த கண்டிக் குடியானவன், சாந்திட ஆணை பெற்ற கருவூர்க் கம்மாளன், காம்பரா வாசலிலே கோலமிட்ட தோட்டத்துப் பெண்: இம்மூவரையும் ஒன்றாக வைத்து நோக்கினால், எளிய வீட்டை அழகு செய்தல் வீண் ஆடம்பரம் என்று எவரும் கூறத் துணியார். வயிற்றுக்கு உணவு தேடியபின் எஞ்சிய சிறுபொழுதிலே, மனிதன் தன் வாழ்வுக்கு மதிப்பளித்துக்கொண்ட செயல் அது. இன்று வெள்ளையடிக்க அரசாணை வேண்டுவதில்லை, கல்வெட்டும் வேண்டுவதில்லை. ஒரு சாடி சுண்ணாம்புநீரும் ஓய்வான ஒரு பகலும் போதும். ஆயினும் அந்தப் பகலும் அந்தச் சுவரும் தமக்கென்று இல்லாதார் நம் நாட்டிலே இன்னும் உளர். அவர்களுக்கும் அவை வாய்க்கும் நாளிலேதான் வெள்ளைச் சுவரின் வரலாறு முற்றுப்பெறும்.